மூன்று தலைப்பாகப் பிரிக்காதே: பால்ட்வினின் முதல் நாவலைப் படிக்கும் வழி

தம்பி, நீ கேட்டதை மற்றவர்களுக்கும் தெரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சிமடத்துக்காரன், முதுகலை ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு. ஆய்வுக் கட்டுரைக்கு அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் 'கோ டெல் இட் ஆன் த மவுன்டன்' நாவலை எடுத்திருக்கிறாய். வறுமை, விசுவாசம், இனப்பாகுபாடு என்று மூன்று தலைப்பு போட்டு நோட்டு நிறையக் குறிப்பு எடுத்தாயிற்று. "உளவியல் நாவல் என்கிறாய், உளவியல் எங்கே?" என்று வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டார். "பாம்பன் பாலத்தைத் தாண்டி அதிகம் போகாத எனக்கு, கதை நடக்கும் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லம் எப்படிப் பிடிபடும்?" என்றும் கேட்கிறாய்.

அந்த மூன்று தலைப்புதான் சிக்கல். இந்த நாவலில் வறுமைக்கு ஒரு அத்தியாயம், சபைக்கு ஒரு அத்தியாயம், வெள்ளைக்காரர் கொடுமைக்கு ஒரு அத்தியாயம் என்று எதுவும் கிடையாது. வெளியே காட்ட முடியாத கோபம் வீட்டுக்குள் வருகிறது. வந்ததும் கடவுளின் பேரால் பேசத் தொடங்குகிறது. பேசிப் பேசிக் கடைசியில் ஒரு பிள்ளையின் தலையில் இறங்குகிறது. அந்தக் கோபம் எந்தத் தெருவில் பிறந்து எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று நீ பின்னாலேயே போனால் மூன்று தலைப்பும் தானாக ஒன்றுக்குள் ஒன்று வந்துவிடும். அதுதான் இங்கே உளவியல். கோட்பாட்டு நூல்களிலிருந்து கலைச்சொற்களை அள்ளிப் போடுவதை வழிகாட்டி கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எழுதியவரைப் பற்றித் தேவையான அளவு மட்டும். பால்ட்வின் 1924 ஆகஸ்ட் 2 அன்று நியூயார்க்கின் ஹார்லமில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். பெற்ற தகப்பன் யாரென்று தெரியாது. வளர்த்தவர் தாயின் கணவர், அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வந்த பிரசங்கியார். பதினான்கு வயதில் பால்ட்வினும் பெந்தெகொஸ்தே சபையில் பிரசங்கம் செய்யத் தொடங்கி மூன்று வருடம் போல அதில் இருந்தார். வளர்ப்புத் தகப்பனுக்கு மனநிலை பிசகியது. வீட்டார் விஷம் வைக்கிறார்கள் என்று சாப்பாட்டை ஒதுக்கும் நிலைக்குப் போய், மனநல மருத்துவமனையில் காசநோயோடு 1943 ஜூலையில் இறந்தார். அடக்கம் நடந்தது பால்ட்வினின் பத்தொன்பதாவது பிறந்தநாளில்; அந்த நேரத்தில்தான் ஹார்லமில் கலவரம் வெடித்து, தெருவெல்லாம் உடைந்த கண்ணாடி. இதைத் தன் கட்டுரை ஒன்றில் அவரே எழுதியிருக்கிறார். 1948-ல் கையில் நாற்பது டாலரோடு பாரிஸுக்குப் போனார். நாவலைச் சுவிட்சர்லாந்தின் ஒரு மலைக்கிராமத்தில், பனிக்கு நடுவே, ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டுத் தட்டுகளைக் கேட்டுக்கொண்டே முடித்தார். வெளிவந்தது 1953-ல். இதற்கு மேல் வாழ்க்கை வரலாற்றைக் கட்டுரைக்குள் இழுக்காதே. நாவலில் வரும் ஜான் பால்ட்வினின் நிழல்தான். ஆனாலும் ஜானைக் கதைக்குள் வைத்தே படி.

இப்போது அமைப்பு. 1935 மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஜான் கிரைம்ஸுக்கு அன்று பதினான்காவது பிறந்தநாள். காலையில் தொடங்கி மறுநாள் விடியலில் கதை முடிந்துவிடுகிறது. நடுப்பகுதியில் இரவு ஜெபத்துக்கு முழங்காலில் நிற்கும் மூன்று பேரின் மனதுக்குள் போகிறோம்: அத்தை ஃபிளாரன்ஸ், தகப்பன் கேப்ரியேல், தாய் எலிசபெத். ஃபிளாரன்ஸ், கேப்ரியேல் இருவரின் தாயார் அடிமையாகப் பிறந்தவர். விடுதலை வந்த நாளைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னவர். ஆக வெளியே ஓடும் காலம் ஒரு பகலும் ஒரு இரவும். உள்ளே ஓடும் காலம் எழுபது வருடத்துக்கும் மேல். ஒரு தாளில் இந்த இரண்டு காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொள். அதே தாளின் கீழே, யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று எழுது. ஜானுக்குத் தன் உண்மையான தகப்பன் எலிசபெத்தின் பழைய காதலன் ரிச்சர்ட் என்று கடைசிப் பக்கத்திலும் தெரியாது. நமக்குத் தெரியும். எஸ்தர் என்ற பெண்ணிடம் தனக்கு ராயல் என்று ஒரு மகன் இருந்து செத்ததைக் கேப்ரியேல் எலிசபெத்திடம் சொன்னதில்லை. ஆனால் ஃபிளாரன்ஸின் கைப்பைக்குள் அதற்குச் சாட்சியாக ஒரு பழைய கடிதம் இருக்கிறது. இந்த மறைப்புகள்தான் நாவலின் எலும்பு. "உளவியல் எங்கே" என்ற கேள்விக்கு முதல் பதில் இந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

அடுத்து, ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நாவல் முழுக்க நடந்து பார். நான் சொல்வது தூசி.

பிறந்தநாள் காலையில் ஜான் எழுந்திருக்கிறான். யாருக்கும் ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை. அடுப்படிச் சுவரிலும் தரைப்பலகை இடுக்கிலும் ஏறிய அழுக்கு எவ்வளவு தேய்த்தாலும் போகாத அழுக்கு. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவன் மனதில் வருவது வெளிப்படுத்தின விசேஷத்தின் வசனம்: அசுத்தமாயிருக்கிறவன் இன்னும் அசுத்தமாயிருக்கட்டும். பதினான்கு வயதுப் பையனுக்கு அடுப்படிக் கரியைப் பார்த்ததும் பாவத்தின் வசனம் ஓடுகிறது என்றால், அந்த வீட்டில் வறுமையும் வேதமும் எவ்வளவு ஒட்டிக் கிடக்கின்றன பார். அப்புறம் முன்னறைக் கம்பளத்தைப் பெருக்கச் சொல்கிறார்கள். பெருக்கப் பெருக்கத் தூசி எழும்பி அவன் மேலேயே படிகிறது, மூக்கில் ஏறுகிறது, ஓரத்தைச் சுத்தம் செய்து திரும்பினால் நடுவில் மறுபடியும் படிந்திருக்கிறது. மலைமேல் பாறையை உருட்டிக்கொண்டே இருக்கச் சபிக்கப்பட்ட ஒருவனை அவன் நினைத்துக்கொள்கிறான். சாயங்காலம் சபைக்குப் போனால் அங்கேயும் பெருக்கும் வேலைதான். எலிஷா என்ற பதினேழு வயது இளைஞனோடு சேர்ந்து கூடத்தைப் பெருக்கித் துடைக்கிறான். கடைசிப் பகுதியில், நடுராத்திரியில், பீடத்துக்கு முன்னால் விழுந்து கிடக்கும்போது அவன் முகம் பதிந்திருப்பது அதே தரையில்.

தூசி முதலில் வறுமையின் அடையாளமாக வருகிறது. உடனே பாவமாக மாறுகிறது. தன் கறுப்புத்தோலையும் அவன் அந்த அழுக்கோடு சேர்த்தே நினைக்கக் கற்றிருக்கிறான் என்று போகப் போகத் தெரிகிறது. மூன்று தலைப்பும் ஒரு துடைப்பத்தின் நுனியில் நிற்கின்றன. உன் கட்டுரையின் முதல் இயலை இந்தத் தூசியில் தொடங்கினால்கூட எனக்குச் சம்மதம்.

இனி அந்தக் கோபத்தின் பாதை. அன்று மதியம் ஜானின் தம்பி ராய் கத்திக்காயத்தோடு வீட்டுக்குத் தூக்கி வரப்படுகிறான். வெள்ளைக்காரப் பையன்கள் இருக்கும் பகுதிக்கு இவனே சிநேகிதர்களோடு சண்டைக்குப் போயிருக்கிறான். கண்ணுக்கு மேலே கிழித்துவிட்டார்கள். கேப்ரியேல் ராயின் நெற்றியைத் துடைக்கும்போது கை மென்மையாக இருக்கிறது. ஜான் உள்ளே வந்ததும் கண் மாறுகிறது. உனக்கு ரொம்பப் பிடித்த வெள்ளைக்காரர்கள்தான் உன் தம்பியின் கழுத்தை அறுக்கப் பார்த்தார்கள் என்கிற மாதிரி ஒரு வார்த்தை ஜானின் மேல் விழுகிறது. ஜானுக்கும் அந்தக் காயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அடுத்து எலிசபெத்தின் கன்னத்தில் அறை. ராய் எதிர்த்துப் பேச, காயம்பட்ட அவனுக்கே பெல்ட் அடி. ஃபிளாரன்ஸ் ஓங்கிய பெல்ட்டைப் பிடித்து நிறுத்துகிறாள். கொஞ்ச நேரம் கழித்து அதே கேப்ரியேல் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சபைக்கு வருகிறார்.

இந்தக் காட்சியை மெதுவாகப் படி. வெள்ளைக்காரன் ஒருவன்கூட அந்த அறைக்குள் இல்லை. ஆனாலும் அங்கே ஓங்குகிற ஒவ்வொரு கைக்கும் பின்னால் வெளியே நடந்த ஏதோ ஒன்று இருக்கிறது. கேப்ரியேலின் பகுதியில் அது என்னவென்று தெரிந்துகொள்கிறோம். தெற்கில் ஒரு நாள், ஒரு கறுப்பினப் படைவீரன் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். அன்று தெருவில் கறுப்பு ஆண்கள் நடமாடவே பயப்படுகிறார்கள். கேப்ரியேல் நடந்து போகும்போது வெள்ளைக்காரர் கூட்டம் அவர் காலடியில் துப்புகிறது. அவர் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். அதே தெருவில் எதிரே வருகிறான் ராயல், அவர் வெளியே சொல்லாத மகன். பத்திரமாக வீட்டுக்குப் போ என்று சொல்கிறார். அந்தப் பையனிடம் ஒரு தகப்பன் மாதிரி அவர் பேசியதே அந்தப் பயத்தின் நடுவில்தான். தன் கண் முன்னால் மகன் கொல்லப்படலாம் என்ற பயம் வந்தபோதுதான் பாசம் வெளியே வர வழி கிடைக்கிறது. கேப்ரியேலை வெறும் கொடுமைக்காரன் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனவர்கள். அவரை மன்னிக்கச் சொல்லவில்லை. முதல் மனைவி டெபோராவின் சேமிப்பைத் திருடி, தான் கர்ப்பமாக்கிய எஸ்தரை ஊரைவிட்டு அனுப்பியவர் அவர். ஆனால் அவருடைய வெறுப்பு எங்கே செய்யப்பட்டது என்பதை நீ காட்டியாக வேண்டும்.

ஹார்லம் உனக்குப் பிடிபடுமா என்று கேட்டாயே, இங்கேதான் நம் கரை உதவும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அந்த மாதங்களில் நம் பக்கத்து வீடுகளில் குரல்கள் எப்படி மாறும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கடலில் படகு பிடிபட்டு, அந்தப் பக்கச் சிறையில் இருந்துவிட்டு, படகில்லாமல் கடனோடு திரும்பி வரும் அப்பாக்களை நீ பார்த்திருப்பாய். துப்பாக்கிக்கு முன்னால் கை உயர்த்தி நின்ற ஒரு மனுஷன் அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. சோற்றுத் தட்டு சரியாக வைக்கவில்லை என்பதற்குக் கத்துவார். மூத்த பையன் ஏன் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான் என்பதற்கு அடிப்பார். எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்லவில்லை. பேசாத அவமானம் எப்படி வேறு உருவத்தில் வந்து உட்காரும் என்பதை நீ இங்கேயே பார்த்திருக்கிறாய் என்கிறேன். அந்தப் பார்வையோடு கேப்ரியேலிடம் போ.

பெண்கள் மூன்று பேரையும் தனியாக எடுத்துப் படிக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் எப்போதும் தகப்பன், மகன் கதைக்குத் துணையாகவே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. டெபோராவைப் பதினாறு வயதில் வெள்ளைக்காரர் கூட்டம் வயலில் வைத்துச் சீரழிக்கிறது. தட்டிக் கேட்கப் போன அவள் தகப்பனையும் அடித்துப் போடுகிறார்கள். ஊர் அவளைப் பரிதாபமாகவும் அருவருப்பாகவும் பார்க்கிறது. அவள் மனைவியாவதற்கே உரியவள் இல்லை என்பது போல. அவளைக் கட்டுவதைக் கேப்ரியேல் ஒரு பக்தித் தியாகமாக நினைத்துச் செய்கிறார். இனக்கொடுமையின் காயத்தைத் தன் பரிசுத்தத்துக்குப் படிக்கட்டாக ஆக்கிக்கொள்கிறார் என்று நான் அதை வாசிக்கிறேன்.

ஃபிளாரன்ஸ் வேறு மாதிரி. படிப்பும் நல்ல துணியும் தட்டில் கறியும் ஆண்பிள்ளை என்பதற்காகத் தம்பிக்கே போன வீட்டில் வளர்ந்தவள். இந்தப் பக்கங்களை நம் ஊரில் எந்தப் பெண் படித்தாலும் விளக்கவுரை தேவைப்படாது. வேலை பார்த்த வீட்டு வெள்ளை முதலாளி தன்னை வைப்பாட்டியாக இருக்கச் சொன்ன அன்றே முடிவு செய்து, 1900-ல், சாகக் கிடக்கும் தாயை விட்டுவிட்டு நியூயார்க்குக்கு ரயில் ஏறுகிறாள். அங்கே போயும் முகம் வெளுக்கக் கிரீம் பூசுகிறாள். கறுப்பு அழகான நிறம்தானே என்கிறான் அவள் கணவன் ஃபிராங்க். அவளுக்கு ஏறவில்லை. வெள்ளைக்காரனை வெறுத்துத் தப்பி வந்தவள் கண்ணாடியில் வெள்ளைக்காரனின் கண்ணால் தன்னைப் பார்க்கிறாள். இனப்பாகுபாடு ஆளுக்குள் எங்கே போய்த் தங்குகிறது என்பதற்கு நாவலில் இதைவிடச் சின்னதாகவும் இதைவிடத் துல்லியமாகவும் வேறு இடம் இல்லை. நம் கடைகளில் பல காலமாக விற்ற சிவப்பழகு கிரீம்களை நினைத்துக்கொள். ஆனால் அதைக் கட்டுரையில் ஒரு வரிக்கு மேல் இழுக்காதே.

எலிசபெத்தின் பகுதிக்குத்தான் நீ அதிக நேரம் கொடுக்க வேண்டும். அவள் காதலன் ரிச்சர்ட் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவன். வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் தானும் தெரிந்துகொண்டுவிட வேண்டும், அப்போது எவனும் தன்னைக் கீழே வைத்துப் பேச முடியாது என்று வைராக்கியமாகப் படிக்கிறவன். சனிக்கிழமைகளில் அவளை மியூசியத்துக்குக் கூட்டிப் போகிறவன். ஒரு இரவு அவளை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது சுரங்க ரயில் நடைமேடையில் நிற்கிறான். ஒரு கடையில் திருடிவிட்டு ஓடி வந்த கறுப்புப் பையன்கள் அதே மேடைக்கு வருகிறார்கள். போலீஸ் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகிறது. நான் அங்கே இல்லை, என் முகத்தைப் பாருங்கள் என்று ரிச்சர்ட் கதறுகிறான். கடைக்கார வெள்ளைக்காரன் அவனைப் பார்த்துவிட்டே, நீங்கள் எல்லாரும் ஒன்றுதான் என்கிறான். உலகத்தைப் புத்தகத்தால் ஜெயிக்கலாம் என்று இருந்தவன் அந்த ஒரு வாக்கியத்தில் முறிகிறான். அடிக்கிறார்கள், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறான், கடைசியில் விடுதலையாகி வருகிறான். வந்த இரவே மணிக்கட்டை அறுத்துக்கொண்டு சாகிறான். எலிசபெத் கர்ப்பமாக இருப்பதை அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அவன் மேல் இன்னொரு பாரம் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தாள். சொல்லியிருந்தால் உயிரோடு இருந்திருப்பானோ என்ற கேள்வி அவளை வாழ்நாள் முழுக்க விடவில்லை. அதற்குப் பிறகு பிழைப்புக்கு இரவில் அலுவலகக் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கிறாள். அங்கேதான் ஃபிளாரன்ஸ் பழக்கமாகிறாள். அவள் வழியாகத் தெற்கிலிருந்து புதிதாக வந்த கேப்ரியேல். தகப்பனில்லாப் பிள்ளையைத் தன் பிள்ளையாகவே பார்ப்பேன் என்று வாக்குக் கொடுத்து அவளைக் கட்டுகிறார்.

இப்போது ஜானிடம் திரும்பு. பிறந்தநாள் என்று அம்மா கொடுத்த சில்லறையோடு அவன் சென்ட்ரல் பார்க் மேட்டில் ஏறி நின்று நகரத்தையே ஜெயித்துவிட்டவன் போலக் கைவிரிக்கிறான். இறங்கி ஓடும்போது ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மேல் மோதப் பார்க்கிறான், பயந்து நிற்கிறான், கிழவர் சிரிக்கிறார், இவனும் சிரிக்கிறான். பிறகு நாற்பத்திரண்டாம் தெருவில் கல் சிங்கங்கள் காவல் இருக்கும் பெரிய நூலகத்தை நினைக்கிறான். அவன் அதற்குள் போனதில்லை. உள்ளே வழி தெரியாமல் நின்றால் வெள்ளைக்காரர்கள் தன்னைப் பார்ப்பார்களே என்று பயம். புத்தகம் படித்தே தீருவேன் என்ற ரிச்சர்டின் ஆசை, பெயரே தெரியாத மகனிடம் வந்து நூலக வாசலில் நின்றுவிட்டது. அந்தத் தொடர்ச்சியை ஜான் அறியமாட்டான். வாசகனுக்கு மட்டும் தெரியும்படி பால்ட்வின் வைத்திருக்கிறார். முதல் பகுதியை இரண்டாம் தடவை படிக்காமல் இது கைக்கு வராது. அதனால்தான் எலிசபெத்தின் பகுதி முடிந்ததும் முதல் பகுதிக்குத் திரும்பிப் போ என்கிறேன்.

விசுவாசத்துக்கு வருவோம். உன் வீடு கத்தோலிக்கம் என்றாய். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகில் போய் வந்த குடும்பம். அங்கே பிள்ளை ஞானஸ்நானத்தோடே சபைக்குள் வந்துவிடுகிறது. புனிதர் நமக்காகப் பரிந்து பேசுகிறார். ஜானின் சபை அப்படி இல்லை. கடை அறையைச் சபையாக மாற்றிய பெந்தெகொஸ்தே சபை. பிரசங்கியார் மகனாக இருந்தாலும் அவன் இன்னும் 'ரட்சிக்கப்படாதவன்'. ஆளாளுக்கு ஆவி இறங்கி, தரையில் விழுந்து, எழுந்தால்தான் உள்ளே. இந்த இயக்கம் பெரிதாகப் பரவியதே 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில், வில்லியம் சீமூர் என்ற கறுப்பினப் போதகர் நடத்திய கூட்டங்களிலிருந்துதான். அந்தச் சபைகளில் கூடியவர்கள் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள். அந்தக் கூடத்துக்கு வெளியே அவர்களுக்குப் பேரே கிடையாது. உள்ளே சகோதரன், சகோதரி, பரிசுத்தவான்.

உனக்கு ஒன்று சொல்வேன். நம் கரையிலேயே ஏதாவது ஒரு பெந்தெகொஸ்தே சபையின் முழு இரவு ஜெபத்துக்கு அனுமதி கேட்டுப் போய் ஒரு ஓரமாக உட்கார். தகரக் கூரை, பாய் விரித்த சிமென்ட் தரை, வெள்ளைச் சேலையில் நகையில்லாத பெண்கள், டம்பரின் சத்தம். முதல் ஒரு மணி நேரம் பாட்டு. பிறகு ஸ்தோத்திரம் அலை அலையாக ஏறும். யாராவது ஒருவர் அந்நிய பாஷையில் பேசத் தொடங்குவார். பக்கத்தில் இருப்பவர் அவர் கீழே விழாமல் முதுகில் கை வைத்திருப்பார். பகலெல்லாம் சின்னப்பாலம் பக்கம் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறித்த அக்கா ஒருவர், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் நிறுத்திக் கேட்கும்படி சாட்சி சொல்வார். அந்தக் குரலுக்கு வெளியே எங்கேயும் மேடை கிடையாது. வேடிக்கை பார்க்கப் போகிற மனதோடு போகாதே, அது மட்டும் வேண்டாம். ஜானின் சபையில் விசுவாசம் மயக்க மருந்தாகவும் இருக்கிறது, சுயமரியாதையாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் கண்ணால் பார்த்தால்தான் ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் போக மாட்டாய்.

ஜான் பீடத்துக்கு முன்னால் விழுந்து கிடக்கும் கடைசிப் பகுதி கஷ்டமானது. அதன் தலைப்பே போரடிக்கும் களம் என்பதுதான். கோதுமையைக் களஞ்சியத்தில் சேர்த்துப் பதரைச் சுட்டெரிப்பார் என்ற மத்தேயு வசனத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள். விழுந்து கிடக்கும் ஜானுக்குள் கேலியான ஒரு குரல் பேசிக்கொண்டே இருக்கிறது. எழுந்திரு, இந்தக் கூட்டத்தில் நீ ஒருவனா என்று. அந்தக் குரல் யாருடையது என்று நாவல் சொல்லாது. நோவாவின் கதையும் வருகிறது. குடித்துவிட்டு நிர்வாணமாகக் கிடந்த தகப்பனைக் காம் பார்த்தான், சாபம் வந்தது. ஆதியாகமத்தில் நோவா சபிப்பது காமின் மகன் கானானை. ஆனால் அமெரிக்க அடிமை முதலாளிகள் அதைக் காமின் சாபமாக்கி, கறுப்பின மக்கள் அடிமையாக இருப்பது தேவன் விதித்தது என்று போதித்தார்கள். ஜான் குளியல் தொட்டியில் தகப்பனின் முதுகைத் தேய்த்துவிட்டபோது அவர் நிர்வாணத்தைப் பார்த்தவன். ஆகவே நான் சபிக்கப்பட்டவன் என்று அவனே தன்னைச் சேர்த்துக்கொள்கிறான். அடிமைமுறையின் பொய் ஒரு பிள்ளையின் வீட்டுக் குற்றவுணர்வுக்குள் எப்படிப் புகுந்து உட்கார்ந்திருக்கிறது பார். இதை விளக்கி ஒரு மூன்று பக்கம் எழுதினாலே உன் வழிகாட்டி கேட்டது வந்துவிடும்.

சாதியோடு ஒப்பிடலாமா என்று கேட்டிருந்தாய். ஒப்பிடலாம், கவனமாக. இந்த ஒப்பீட்டுக்கு வரலாறு இருக்கிறது. அம்பேத்கர் 1946-ல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-ல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தர்ஸ் அமெரிக்காவின் கறுப்புச் சிறுத்தைகள் (பிளாக் பேந்தர்ஸ்) இயக்கத்திடமிருந்தே பெயரை எடுத்தது. நம் மாவட்டமோ 1957 முதுகுளத்தூர் சாதிக் கலவரத்தை இன்னும் மறக்காத மாவட்டம். தமிழ்நாட்டில் சிலுவை நட்ட கல்லறையிலும் சாதிச் சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு. இதையெல்லாம் தெரிந்துதான் நீ கேட்கிறாய். ஆனால் நாவலைப் படிக்கும்போதே 'நிறம்' என்ற இடத்திலெல்லாம் 'சாதி' என்று மாற்றிப் போட்டுக்கொண்டு போனால் இரண்டுமே கைவிட்டுப் போகும். ரிச்சர்டைப் போலீஸ் பிடித்தது அவன் தோலைப் பார்த்து. பெயரோ ஊரோ தெருவோ கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இங்கே முதலில் அந்தக் கேள்விகள்தான் வருகின்றன. அந்த வேறுபாடு மனதில் வேறு வகைக் காயத்தை உண்டாக்குகிறது. ஒளித்துக்கொள்ள முடியாதவனின் பயம் ஒன்று, ஒளித்துக்கொண்டவன் வெளியே தெரிந்துவிடுமோ என்று படும் பயம் இன்னொன்று. முதலில் ஹார்லமை ஹார்லமாகவே முழுக்க எழுது. ஒப்பீட்டைக் கடைசி இயலுக்கு வை.

முடிவு பற்றி ஒரு எச்சரிக்கை. ஜான் உண்மையிலேயே ரட்சிக்கப்பட்டானா, இல்லை பயத்தில் மயங்கினானா என்று தீர்ப்பு எழுத வேண்டும் போலத் தோன்றும். விடியலில் எல்லாரும் வீட்டுக்கு நடக்கிறார்கள். ஃபிளாரன்ஸ் அந்தக் கடிதத்தைக் காட்டித் தம்பியை மிரட்டுகிறாள். எலிஷா ஜானின் நெற்றியில் முத்தமிடுகிறான். அந்தப் பாசத்தில் ஜானே இன்னும் பெயர் வைக்காத ஓர் ஈர்ப்பும் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டு எழுதாதே. வாசலில் மகன் சிரிக்கிறான். கேப்ரியேல் சிரிக்கவில்லை. மகன் ரட்சிக்கப்பட்டதாகச் சொன்ன பிறகும் தகப்பன் மனம் மாறவில்லை. ஆனால் ஜானுக்கு இப்போது அந்த முகத்துக்கு எதிரே நிற்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. இவ்வளவுதான் நாவல் தருகிறது. இதற்கு மேல் நீயாகச் சேர்க்காதே.

வேலை முறை சொல்லிவிடுகிறேன். மூன்று தலைப்பு நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதிலுள்ள குறிப்புகளை ஆட்களின் பெயருக்குக் கீழே மாற்றி எழுது. கேப்ரியேல், ஃபிளாரன்ஸ், எலிசபெத், ஜான் என்று நான்கு இயல். ஒவ்வொருவரும் எதை மறைக்கிறார், அதை மறைக்க வைத்தது வெளியே எது, அந்த மறைப்பு அவர் ஜெபத்தில் எந்த உருவத்தில் வருகிறது, கடைசியில் யார் மேல் விழுகிறது. இந்தக் கேள்விகளை ஒவ்வொரு இயலிலும் கேள். பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றை மேசையில் வைத்துக்கொள். பால்ட்வினின் வாக்கியத்தில் ஓடுவது பழைய ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பைபிளின் தாளம். அதைப் பிடிக்க உனக்குப் பழைய தமிழ் வேதத்தின் நடையே கிட்டத்தட்டப் பக்கத்தில் இருக்கும். எலிசபெத்தின் பகுதியை மட்டும் முடித்துவிட்டு ஒரு பத்துப் பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. ரிச்சர்டைப் பற்றி நீ என்ன எழுதுகிறாய் என்று பார்த்துவிட்டு மற்ற இயல்களுக்குப் போகலாம்.